சின்னத்துரை முன்னுக்கு

நவம்பர் 4, செவ்வாய்

விடியவே மழை. ஆறு மணிக்குச் சமையல் வேலை. முதியோர் இல்லத்தில் இன்று பருப்பு சூப், பெரிய அண்டா இரண்டு. மூன்றாம் மாடிக் கிழவர் உப்பில்லை என்று திருப்பி அனுப்பினார். உப்பு இருந்தது.

வாங்க: வெங்காயம், தயிர், ரவை, குளியலறைக்கு பல்பு, இவருக்கு ரேசர்.

பின்னேரம் பெர்லினிலிருந்து மகள் நிவேதா போன். அவளுக்கும் பிரவீனுக்கும் பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்துக்கு நாள் கிடைத்துவிட்டது, தை மாதம். கோயில் கலியாணம் சித்திரையில். நல்ல செய்தி. கூடவே ஒரு வாலும்.

"அம்மா, குடும்பப் பேர் என்னெண்டு முதலே சொல்லோணுமாம். இப்ப புதுச் சட்டம். ரெண்டு பேற்ற பேரையும் சேத்து ஒரே பேரா ரெண்டு பேருமே வைச்சிருக்கலாம். நாங்கள் அப்பிடித்தான் வைக்கப் போறம். எது முன்னுக்கு எண்டதுதான் பிரச்சினை."

குணரத்தினம். தர்மலிங்கம். எது முன்னுக்கு?

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எங்கே இருந்தது? தகப்பன் பெயரை முன்னால் போட்டு, நம் பெயரைப் பின்னால் போடுவோம். அவ்வளவுதான். இவர் ஜெர்மனிக்கு அகதியாக வந்து இறங்கிய நாளில் ‘கந்தையா குணரத்தினம்’ என்று எழுதிக் கொடுக்க, கடைசியில் நின்றதைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். மாமனாரின் பெயர் கந்தையா, இவருடைய முதற்பெயர் ஆகிவிட்டது. இவருடைய சொந்தப் பெயர் எனக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர். பெர்லின் சம்பந்தி தர்மலிங்கத்துக்கும் அதே கதைதான். ஆக, சேர்த்து எழுதப் போவது இரண்டு அப்பாமாரின் சொந்தப் பெயர்களை. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், வாயோடும் இருக்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைக்காமலே, "எனக்கு ஒண்டும் இல்லை. பிள்ளையள் விரும்பினபடி வைக்கட்டும்."

பத்து நிமிடம் கழித்து: "ஆனா குணரத்தினம் முன்னுக்கு வந்தாச் சொல்ல வடிவு."

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. ஓய்வு நாள். திரைச்சீலை தோய்த்தேன்.

இவரும் சம்பந்தியும் ஒரு மணி நேரம் போனில். ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்கே கேட்க. சம்பந்திக்கு பெர்லின் நொய்கெல்னில் உணவகச் சமையல் வேலை. பின்னால் சட்டி, கரண்டிச் சத்தம்.

சம்பந்தி: "அண்ணை, மாப்பிள்ளை பகுதிதானே முன்னுக்கு. உலக வழக்கம் அதுதானே."

இவர்: "இல்லைத் தர்மலிங்கம். எங்கட முறை என்ன? பெத்தவன்ர பேர்தான் முதல் வரும். ஊரிலயெண்டா குணரத்தினம் நிவேதா எண்டுதானே எழுதுவம்? ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குத் தகப்பன் முன்னுக்கு, புருசன் பின்னுக்கு. பெத்த தகப்பனைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு அது என்ன தமிழ்?"

பிரவீனையும் ஒருவர் பெற்றிருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் தோன்றவில்லை போலும். பிறகு, "உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது அண்ணை. சரி, வையுங்கோ முன்னுக்கு."

போனை வைத்துவிட்டு இவர் அறைக்கு அறை நடந்தார். தேர்தலில் வென்ற மந்திரியும் இவரிடம் தோற்றான். நிவேதாவுக்குத் தகவல், தம்பிக்குத் தகவல், கீழ்வீட்டுப் போலந்துக்காரருக்கும் தகவல்.

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். ‘பெத்த தகப்பனைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு.’ அந்த வசனம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் அப்பாவை முன்னுக்கும் விடவில்லை, பின்னுக்கும் விடவில்லை. அடியோடு விட்டாச்சு. இதை இவர் ஒரு தடவையாவது யோசித்திருப்பாரா?

சீனி காணாது என்றார். இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

குளிர். பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. விரத நாள், ஆனால் இல்லத்தில் மீன் பொரியல். நாற்றத்தோடு வீட்டுக்கு.

வேலையில் நிற்கும்போது நிவேதாவின் செய்தி: "அம்மா, இது ஏற்கனவே கலியாணம் கட்டின ஆக்களுக்கும் செய்யலாமாம். உங்களுக்கும் அப்பாவுக்கும்கூட. சும்மா சொன்னனான், ஹாஹா."

உருளைக்கிழங்கு சீவும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூன்று தடவை வாசித்தேன். கூட வேலை செய்யும் பெத்ரா, "யோகா, யாராவது செத்துப்போனார்களா?" என்று பதறிக்கொண்டு வந்தாள். முகம் அப்படி இருந்திருக்கிறது.

எழுதி வைக்கிறேன். இதுவரை எங்கும் எழுதவில்லை.

முப்பது வருடத்துக்கு முன் எங்கள் எழுத்து. இதே நகரம், இதே கந்தோர். எனக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவர் இவருடைய சினேகிதர். குடும்பப் பெயர் எது என்று கந்தோரில் இருந்த அம்மா கேட்டாராம். கேட்டது எனக்கு விளங்கவில்லை. இவர் ‘குணரத்தினம்’ என்றார். பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம். படம் எடுத்தோம். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் படத்தில். ஊரிலும் கலியாணத்தோடு பெயர் மாறும்தான். ஆனால் அங்கே ஒருவரும் பழைய பெயரை அழித்துவிடுவதில்லை. சின்னத்துரையின் மகள் யோகமலர் என்றால் கிழவியாகும் வரைக்கும் சின்னத்துரையின் மகள்தான்.

அப்பா அப்போது கொழும்பில், ஒரு அறையில். தனக்குத் தெரிந்த மாதிரி ‘சின்னத்துரை யோகமலர்’ என்று உறையில் எழுதிக் கடிதம் போட்டார். எங்கள் கடிதப் பெட்டியில் குணரத்தினம் மட்டும். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்றல்ல, இரண்டு கடிதம். இரண்டும் அப்பாவின் கைக்கே திரும்பிப் போயின.

பிறகு அப்பா தொலைத்தொடர்புக் கடையிலிருந்து போன் எடுத்தார். முதல் வசனமே இது: "பிள்ளை, உனக்கு என்ர கடிதம் வேண்டாமெண்டால் நேர சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

விளங்கப்படுத்தினேன். ஓம் ஓம் என்றார். அடுத்த கடிதத்தில் பெரிய எழுத்தில், பிள்ளைகள் கொப்பியில் எழுதுவது போல, GUNARATNAM. தன் பெயரைத் தானே வெட்டிவிட்டார். நான் போய்ப் பார்ப்பதற்கிடையில் அப்பா கண்ணை மூடிவிட்டார். அவருக்கு முழுதாக விளங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு அந்தப் பெயர் வேண்டும். ஹாஹா இல்லை, நிவேதா.

நவம்பர் 8, சனி

வெயில், பொய் வெயில். தமிழ்க் கடைக்குப் போய் முருங்கைக்காய், பயறு, கருவாடு. கருவாடு லஞ்சம். கறி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"இஞ்சேருங்கோ, நாங்களும் பேரைச் சேத்து எழுதுவம்."

"எந்தப் பேரை?"

"என்ர அப்பான்ர பேரை. சின்னத்துரை."

முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "உமக்கு விசரோ? இந்த வயசில?"

பிறகு ஒற்றைத் தாளும் பேனையும் எடுத்து மாற்ற வேண்டியவற்றை எழுதினார்:
1. பாஸ்போர்ட்
2. அடையாள அட்டை
3. வங்கி
4. மருத்துவக் காப்புறுதி
5. சாரதிப் பத்திரம்
6. வீட்டு ஒப்பந்தம்
7. பென்ஷன்
8. வேலை (இரண்டு இடம்)
9. மின்சாரம்
10. கோயில் அங்கத்துவம்
11. கடிதப் பெட்டி

பதினொன்றையும் வாசித்துக் காட்டி என் முகத்தைப் பார்த்தார். நான், "பன்னிரண்டு, நூலக அட்டை," என்றேன்.

அடுத்த அடி: "அப்ப நீர் உமக்குத் தனியப் போடும். என்னை ஏன் இழுக்கிறீர்? மாமனாற்ற பேரை வைச்சுக்கொண்டு நான் வேலைத்தளத்தில திரியிறதோ? சனம் சிரிக்கும்."

"நான் முப்பது வருசம் உங்கட பேரை வைச்சுக்கொண்டு திரியயில்லையோ? ஆர் சிரிச்சது?"

கருவாட்டுக் கறி இன்னும் கொஞ்சம் கேட்டார். கோபத்திலும் வாய் ருசி குறையவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில். அன்னதானத்தில் சாம்பார் தண்ணீர். இவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். வரும்போது காரில் பக்திப் பாட்டு, சத்தமாக. நெடுஞ்சாலையில் திருத்த வேலை, நாற்பது நிமிடம். அப்போதும் பாட்டுத்தான்.

வீட்டு வாசலில்: "சரி. ரெண்டு பேரும் வைப்பம். ஆனா குணரத்தினம் முன்னுக்கு."

பாதி வெற்றி. சந்தோஷப்படலாம். சட்டையை மாற்றும்போதே மனம் ஒப்பவில்லை. இங்கே இரட்டைப் பெயர்க்காரர் எல்லோரையும் முதற்பாதியால்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் மேலாளர் ஃப்ராவ், அதாவது திருமதி, வேபர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வேபருக்குப் பின்னால் கோடு போட்டு இன்னொரு பெயர் இருக்கிறது. எட்டு வருடம் வேலை செய்கிறேன், எனக்கே அது வாயில் வராது. அப்பாவைப் பின்னால் வைத்தால் திரும்பவும் யாரும் கூப்பிடாத பெயர்தான். முன்னுக்குத்தான் வேண்டும். பேராசை என்றால் பேராசைதான்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். லாந்தர்த் திருநாள் என்று மாலையில் தெருவில் சின்னப் பிள்ளைகள் காகித லாந்தர் பிடித்துக்கொண்டு பாடிப் போனார்கள். ஒரு லாந்தர் நனைந்து கிழிந்து பெரிய அழுகை.

வேலை இடைவேளையில் கந்தோருக்குப் போன் எடுத்தேன். இருபது நிமிடம் இசை. பிறகு ஒரு அம்மா, நல்ல குரல். யாரோ தங்கள் டெர்மினை, முன்பதிவு நேரத்தை, ரத்துச் செய்துவிட்டார்களாம். 20ஆம் திகதி, காலை 9.40. இருவரும் நேரே வரவேண்டும். பெயர் வரிசையை அன்றைக்கே சொல்ல வேண்டும், பிறகு நினைத்த நேரம் மாற்ற முடியாது.

அவர் இன்னொன்றும் சொன்னார். உங்களுக்கு மட்டும் என்றால் பழைய சட்டத்திலேயே பிறந்த பெயரைக் கூடச் சேர்த்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

ஏன் செய்யவில்லை! ஒருவரும் சொல்லவில்லை, அதனால் செய்யவில்லை. முப்பது வருடமாக இருந்த கதவு. எனக்குக் கதவென்றே தெரியாது. போனை வைத்துவிட்டு முட்டைக்கோவாவை வெட்டினேன். பெத்ரா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

இவரிடம் திகதி சொன்னேன். "போவம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான்," என்றார்.

நவம்பர் 13, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும். ஒரு சொல்லும் விடக்கூடாது.

பின்னேரம் மூன்று மணி. சம்பந்திக்கு அந்த நேரம் உணவகத்தில் ஓய்வு. நானே போன் எடுத்தேன். கலியாண மண்டபம், பலகாரம் என்று தொடங்கி, மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். எங்கள் பெயர், என் அப்பா, முன்னுக்கா பின்னுக்கா. இவர் பக்கத்துக் கதிரையில், டிவி பார்ப்பது போல.

சம்பந்தி எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிற்கவே இல்லை.

"அக்கா, போனை ஸ்பீக்கரில போடுங்கோ. அண்ணை நிக்கிறாரோ?"

"நிக்கிறன், சொல்லும்," என்றார் இவர்.

"அண்ணை, போன கிழமை எனக்கு ஒரு முறை படிப்பிச்சனீங்கள். பொம்பிளைப் பிள்ளைக்குத் தகப்பன் முன்னுக்கு, புருசன் பின்னுக்கு. ஞாபகமோ?"

இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பெத்த தகப்பனைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு அது என்ன தமிழ் எண்டும் கேட்டனீங்கள். நான் வாயை மூடிக்கொண்டு விட்டுத் தந்தனான். இப்ப சொல்லுங்கோ. அக்காவைப் பெத்தவருக்கு அந்த முறை இல்லையோ? இல்லையெண்டால் சரி. நான் பிரவீனுக்குப் போன் அடிச்சு, தர்மலிங்கத்தை முன்னுக்குப் போடச் சொல்லுறன்."

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன்.

"தர்மலிங்கம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"நீர் சமையலுக்குப் போயிருக்கக் கூடாது. வழக்கறிஞராப் போயிருக்கோணும்."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப. சின்னத்துரை முன்னுக்கு."

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு ஆட்டம் போட்டேன். ஐம்பத்தாறு வயது. முழங்கால் வலி. ஆடினேன். ரவா லட்டுப் பிடித்தேன், முப்பது. பெர்லினுக்குப் பதினைந்து, பார்சலில். சம்பந்திக்குக் கோயில் கட்டலாம்.

நவம்பர் 14, வெள்ளி

தெளிவான வானம். கொண்டுபோக: பாஸ்போர்ட் 2, கலியாணப் பத்திரம், என் பிறப்புப் பத்திரம் (மொழிபெயர்ப்போடு).

பழைய கோப்பை இவரே மேலிருந்து இறக்கினார். தேடும்போது ஒரு கேள்வி, தலையைத் தூக்காமல்: "இவ்வளவு வருசமா ஏன் ஒண்டும் சொல்லயில்லை?"

கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அப்பா போனில் சொன்ன வசனத்தையும் சொன்னேன். இவருக்கு இதெல்லாம் தெரியாது. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அது, இவருக்கு இரவு வேலை, பகல் தூக்கம், எதைச் சொல்ல?

நெடுநேரம் பிறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தார். பிறகு, "அண்டைக்குக் கந்தோரில அந்த மனுசி கேட்டது உம்மைப் பாத்துத்தான். உமக்கு விளங்கயில்லை எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் நான் சொல்லிப்போட்டன்," என்றார்.

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எனக்கு அது போதும். அழுதேன். கொஞ்சம்தான்.

நவம்பர் 20, வியாழன்

முதல் பனி, நிலத்தில் நிற்காத பனி. பச்சைச் சேலை, மேலே தடித்த கோட். இவர் கலியாண வீட்டுக்குப் போவது போல ஷேவ் எடுத்து, டை வேறு.

9.40 என்றால் 9.40. போனில் பேசிய அதே குரல். ஆள் நினைத்ததைவிட இளசு, நிவேதாவின் வயதிருக்கும். நடுவில் கோடு வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றோம். வரிசை?

இவர் வாயைத் திறந்தார். நான் இவர் முழங்கையில் கை வைத்தேன். மூடினார்.

நான் சொன்னேன். முதலில் சின்னத்துரை, பிறகு குணரத்தினம். ஜெர்மனில், முழு வசனமாக, வினைச்சொல் சரியான இடத்தில். அந்தப் பெண் நிதானமாகத் திருப்பி வாசித்தார். இதுதானா உங்கள் இருவரின் விருப்பமும் என்று கேட்டார். ஓம், என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் இவர். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியது.

சான்றிதழ் கையில். வெளியே வந்து படிக்கட்டில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். சின்னத்துரை-குணரத்தினம், யோகமலர். கீழே சின்னத்துரை-குணரத்தினம், கந்தையா. வந்து போகிறவர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போகட்டும். ஜெயித்தவள் நடுவில்தான் நிற்பாள்.

நிவேதாவுக்குப் படம் அனுப்பினேன். பதில், அழுகிற முகம் பதினாறு. சம்பந்தியின் பதில்: "வாழ்த்துக்கள் அக்கா. லட்டு முடிஞ்சுது."

நவம்பர் 21, வெள்ளி

இரவு பனி, காலையில் சேறு. மதிய வேலை. அதற்குள் மரக்கறிச் சமையல்.

மிச்ச லட்டைக் கடித்ததில் இவருக்குக் கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது. ஏலக்காய்த் தோலாம். பழி என் தலையில். புதுப் பல் மருத்துவர் ஒருவருக்கு ஹாலிலிருந்து போன் எடுக்கிறார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. நான் வெங்காயம் வதக்கிக்கொண்டு நிற்கிறேன். பெயரைக் கேட்கிறார்கள் போல.

"சின்னத்துரை," என்கிறார் இவர். "ஓம், முதல் அதுதான். பின்னால் குணரத்தினம்."

எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். நிதானமாக, ஒன்றும் விடாமல்.

பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்கிறார்கள், இரட்டைப் பெயர் என்றால் மனைவிக்குத்தான் என்று நினைத்துவிட்டார்கள் போல.

"இல்லை இல்லை, மனைவிக்கு டெர்மின் இல்லை. எனக்குத்தான். சின்னத்துரை நான்தான்."

வெங்காயம் கருகிவிட்டது. வேறு வெட்ட வேண்டும்.